படகுக்குள் இடம்

எங்கள் மொழியில் ஏரிக்கு நாம் என்று பெயர்.
பேர் வைத்தவனுக்கு என்ன தெரியும்.

அகேலோவும் நானும் ஒரே கொசுவலையில்தான்
ஒமேனா காயவைத்தோம், விரல் நீளத்து வெள்ளி மீன்.
நடுவில் ஒரு குச்சி:
இந்தப் பக்கம் அவளுடையது, அந்தப் பக்கம் என்னுடையது.
மழை வந்தால் பக்கம் பாராமல் அள்ளுவோம்.
பதினோரு வருஷம்
விடியுமுன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
ஒதேரோவின் படகை நோக்கி வாளி நீட்டினோம்.
எந்த வாளி முதலில் நிரம்பும் என்பதற்கு
ஒரு விலை இருந்தது. அது ஷில்லிங்கில் இல்லை.
அவளும் கொடுத்தாள். நானும்.
அதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டதில்லை.

பிறகு அவள் படகு வாங்கினாள்.

எப்படி என்று ஊரே கேட்டது; எனக்குத் தெரியும்.
சீட்டுப் பணம், விற்ற பசு,
கிசுமுவில் தையல் வேலைக்குப் போன தங்கை,
மூன்று வருஷம் சர்க்கரையில்லாத தேநீர்.
அந்தத் தேநீரை நானும் குடித்திருக்கிறேன்.
'இனிப்பே பிடிக்காதா உனக்கு?' என்று சிரித்தபடி.

நீலம் அடித்து, மஞ்சளில் எழுதியிருந்தாள்: சுபீரா.
பொறுமை என்று அர்த்தம்.
தண்ணீரில் இறக்கிய அன்று
எல்லோரையும்விட உரக்கக் குலவையிட்டவள் நான்.
தொண்டை ஒரு வேலை செய்யும்போதே
வயிறு வேறொன்று செய்கிறது.
அடுப்பில்லாமல் கொதிக்கும் பாத்திரம் அது ஒன்றுதான்.

ஆண்களுக்கு வேறு காய்ச்சல்.
வலை பின்னும் ஊசியை நிறுத்திவிட்டு ஒதேரோ சொன்னான்:
'இன்றைக்கு ஒருத்தி.
நாளைக்கு எல்லோரும் மீனுக்குப்
பணம் மட்டும்தான் தருவார்கள்.'
யாரும் சிரிக்கவில்லை.
அவ்வளவு பெரிய உடம்பு
ஒரு பெயிண்ட் வாசனைக்கு வியர்த்ததைப் பார்த்தேன்.

பாம்புக் கதையைத் தொடங்கியது நான்.
பாம்பு என்றுகூடச் சொல்லவில்லை.
'ராத்திரி அவள் வீட்டில் ஏதோ நகர்கிறது,' அவ்வளவுதான்.
மாலைக்குள் அது பதினெட்டு அடி வளர்ந்து
பால் குடித்து, காசு கக்க ஆரம்பித்துவிட்டது.
அவள் காயவைத்த மீனை
சந்தையில் தொட்டுப் பார்த்துவிட்டு
கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்கள்.

அவளோ முதல் வாளியை எனக்குத்தான் ஊற்றினாள்.
காசு குறைகிறது என்றேன்.
'அப்புறம் தா' என்றாள்.
அந்த அப்புறம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.
ஒதேரோவுக்கு நான் ஒருநாளும் கடன்பட்டதில்லை.

நிலா நாட்களில் ஒமேனா விளக்குக்கு வராது;
படகுகள் கரையேறிக் கிடக்கும்.
அப்படி ஒரு ராத்திரி, மீன் கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு போனேன்.
வலையை மட்டும்தான், மரத்தைத் தொடமாட்டேன் என்று
வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு.

சுபீராவின் விளிம்பில் கை வைத்தேன்.
உள்ளிருந்து ஓர் அரிவாள் எழுந்தது.
'யார்?'
'நான்தான். அபோண்டி.'
அரிவாள் இறங்கியது.
'நீயா. வேறு யாரோ என்று
உயிரே போய்விட்டது.'

எத்தனை நாளாக இங்கே படுக்கிறாய் என்றேன்.
வாங்கிய நாளிலிருந்து என்றாள்.
எதற்கு வந்தாய் என்று அவள் கேட்கவில்லை.
காலை மடக்கி இடம் விட்டாள்,
அரிவாளை என் மடியில் வைத்தாள்.
'கொஞ்சம் பார்த்துக்கொள். கண் எரிகிறது.'
சொல்லி முடிப்பதற்குள் குறட்டை.

இடுப்பில் ஒன்று, மடியில் ஒன்று.
இரண்டு இரும்போடு நான் விழித்திருந்தேன்.

விடிவதற்குச் சற்று முன்
மணலில் ஒரு பீடி நெருப்பு நடந்து வந்தது.
நின்றது. எங்களைப் பார்த்தது. திரும்பிப் போனது.

யாரென்று எனக்குத் தெரியும்.
நான் எதற்கு வந்தேன் என்று
அவனுக்கும் தெரிந்திருக்கும்.